கீசர் சத்தம் போடுகிறது, வால்வு சொட்டுகிறது: சர்வீஸ் தேவையா?

கேள்வி இதுதான். 25 லிட்டர் கீசர், வாங்கி நான்கு வருஷம் ஆகிறது, இதுவரை யாரும் திறந்து பார்த்ததில்லை. குளிக்க போர் தண்ணீர். இரண்டு மாதமாகத் தண்ணீர் சுடும்போது உள்ளே கடகடவென்று சத்தம். கீழே உள்ள வால்விலிருந்து அவ்வப்போது தண்ணீர் சொட்டுகிறது. வருடாந்திர சர்வீஸ் ஒப்பந்தம் போடச் சொல்லி போன் மேல் போன் வருகிறது. போடணுமா, இல்லை நாமே பார்த்துக்கொள்ளலாமா?

கோவையில் இருபது வருஷத்துக்கு மேல் கீசர் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்தச் சத்தத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அந்தச் சொட்டு பெரும்பாலும் கோளாறே இல்லை. ஒப்பந்தம் போடுவதா வேண்டாமா என்பது, வருகிற ஆள் உள்ளே இருக்கும் ஒரு ராடைக் கழற்றி உங்கள் கையில் கொடுப்பாரா என்பதைப் பொறுத்தது. அந்த ராடைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால் தண்ணீர்.

எங்கள் ஊரில் ஒரே வீட்டுக்குள் இரண்டு தண்ணீர் ஓடும். சிறுவாணியோ பில்லூரோ வந்தால் அது 'நல்ல தண்ணி', சமையலறைக்கு. போர் தண்ணீர் 'உப்புத் தண்ணி', குளியலறைக்கு. கீசர் பாவம் குளியலறையில் இருக்கிறது. சில வீடுகளில் மட்டும் மாடித் தொட்டி முழுக்க நல்ல தண்ணீராக இருக்கும். அப்படி ஒரு வீட்டின் கீசரை ஆறு வருஷம் கழித்துத் திறந்தபோது, தண்ணீரைச் சுடவைக்கும் காயிலில் செம்பு நிறம் தெரிந்தது. அதே மாடல், பக்கத்துத் தெருவில் போர் தண்ணீரில் ஓடியது, ஒன்றரை வருஷத்தில் காயில் முள்ளு முறுக்கு மாதிரி வெள்ளையாகத் தடித்துக் கிடந்தது. அதனால் 'எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை சர்வீஸ்?' என்று கேட்டால், நான் முதலில் கேட்பது என்ன கம்பெனி என்று அல்ல, என்ன தண்ணீர் என்றுதான்.

போர் தண்ணீரில் சுண்ணாம்பு கரைந்த நிலையில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. சூடு ஏறினால் அதைக் கரைத்து வைத்திருந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடும், சுண்ணாம்பு திடப்பொருளாகப் பிரிந்து நிற்கும். வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொருக்கு கட்டுகிறதே, அதே சமாச்சாரம். கீசருக்குள் மிகச் சூடான இடம் காயிலின் மேல்தோல், ஆகவே முதலில் அங்கேதான் படியும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில், கடினத்தன்மை, அதாவது சுண்ணாம்புக் கணக்கில் கரைந்திருக்கும் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். நாலு பேர் வீட்டில் கீசர் வழியாக ஒரு நாளைக்கு 100 லிட்டர் போகிறது, தண்ணீர் அந்த 600-இல் இருக்கிறது என்று வையுங்கள். தினமும் 60 கிராம், வருஷத்துக்கு 20 கிலோவுக்கு மேல் சுண்ணாம்புக் கணக்கில் உள்ளே போய் வருகிறது. எல்லாம் படியாது, பெரும்பகுதி தண்ணீரோடு வெளியே போய்விடும். பத்தில் ஒரு பங்கு தங்கினாலே இரண்டு கிலோ. நான் ஒரே கீசரிலிருந்து பெயின்ட் டப்பா நிறைய அள்ளியிருக்கிறேன், நொறுங்கிய அப்பளம் மாதிரி.

உங்களுக்கு வரும் சத்தமும் இதுதான். படிந்த சுண்ணாம்புக்கும் (நாங்கள் 'உப்பு' என்போம்) காயிலுக்கும் நடுவே தண்ணீர் கசிந்து மாட்டிக்கொள்கிறது. அங்கேயே கொதித்து ஆவியாகி, பொருக்கை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அதுதான் கடகட.

இந்த இடத்தில் ஒரு தவறான பேச்சையும் தீர்த்துவிடலாம். 'உப்பு படிந்தால் கரண்ட் பில் இரண்டு மடங்காகும்' என்று சர்வீஸ் விற்கிறவர்கள் பயமுறுத்துவார்கள். கேஸ் அடுப்பில் வைக்கும் பாத்திரத்துக்கு அது ஓரளவு பொருந்தும், ஏனென்றால் தண்ணீருக்குள் போகாத சூடு பக்கவாட்டில் காற்றில் போய்விடும். காயிலோ தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. அதன் சூடு வேறு எங்கே போகும்? கொஞ்சம் தாமதமாகத் தண்ணீருக்கே வந்து சேரும். பில் பெரிதாக மாறாது. மாறுவது காயிலின் ஆயுள். சூட்டை வெளியே தள்ள முடியாமல் காயில் உள்ளுக்குள் அளவுக்கு மீறிச் சிவந்து, ஒரு நாள் அதன் உலோக உறை வெடித்துவிடும். உறை வெடித்த காயில் என்றால் தண்ணீரில் கரண்ட். அதனால்தான் சத்தம் வந்தால் தள்ளிப்போடாதே என்கிறேன்.

வீட்டில் நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய ஒரு யூனிட் கரண்ட் ஆகும். 2000 வாட் காயில் என்றால் அரை மணி நேரம். காலையில் குளிர்ந்த தண்ணீரோடு போட்டு, சிவப்பு விளக்கு அணையும் வரை கடிகாரம் பாருங்கள். பத்து நிமிஷத்தில் அணைந்து, தண்ணீரும் வெதுவெதுப்பாகத்தான் வந்தால், உப்பு காயிலையும், சூடு பார்த்துக் கரண்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டின் குழாயையும் சேர்த்து ஒட்டிவிட்டது என்று சந்தேகப்படலாம். தண்ணீர் சுடுவதற்கு முன்பே தெர்மோஸ்டாட் ஏமாந்து அணைத்துவிடுகிறது. ஒரு மணி நேரமாகியும் அணையவில்லை என்றால் தெர்மோஸ்டாட் போயிருக்கலாம், உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

சரி, அந்த ராடு.

பெரும்பாலான கீசரின் உள் டேங்க் இரும்பு, உள்பக்கம் கண்ணாடிப் பூச்சு. பூச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஊசிமுனை அளவில் எங்காவது விட்டுப்போயிருக்கும். அந்த முனையில் இரும்பைத் தண்ணீர் அரிக்க ஆரம்பிக்கும். அதைத் தடுக்கத்தான் உள்ளே ஒரு மெக்னீசியம் ராடு தொங்குகிறது. இரும்பைவிட மெக்னீசியம் சீக்கிரம் கரையும் உலோகம். இரண்டும் ஒரே தண்ணீரில், ஒன்றோடொன்று மின்தொடர்பில் இருந்தால், மெக்னீசியம் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். 1824-இல் ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கில விஞ்ஞானி பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் அடியில் அடித்திருந்த செம்புத் தகட்டைக் கடல்நீரிலிருந்து காப்பாற்ற இரும்பு, துத்தநாகத் துண்டுகளைப் பொருத்திப் பார்த்தாரே, அதே தத்துவம். (செம்பு பிழைத்துக்கொண்டது. ஆனால் அது கரையாமல் போனதால் விஷம் இல்லாத தகட்டில் சிப்பியும் பாசியும் அப்பிக்கொண்டு கப்பல் வேகம் குறைந்தது. அது தனிக்கதை.)

புது ராடு கட்டைவிரல் பருமனில், ஒரு சாண் நீளத்தில், மழமழவென்று இருக்கும். இரண்டு வருஷம் போர் தண்ணீரில் இருந்ததை எடுத்தால் கரையான் அரித்த குச்சி மாதிரி குழிகுழியாக வரும். நடுவில் ஒரு கம்பி ஓடுகிறது, அது வெளியே தெரிய ஆரம்பித்தால் ராடின் வேலை முடிந்தது. பாதிக்கு மேல் கரைந்திருந்தாலே நான் மாற்றிவிடுவேன், சில நூறு ரூபாய் சாமான்தான். ராடு தீர்ந்த அடுத்த நாள் கீசருக்கு ஒன்றும் ஆகாது. அதுதான் சிக்கல். வெளியே ஒரு அறிகுறியும் இல்லாமல் டேங்க் அரிக்கத் தொடங்கும். ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ கழித்து வெளி உறைக்குள்ளிருந்து துருத் தண்ணீர் வழியும்போது ஆளைக் கூப்பிடுவார்கள். டேங்க் ஓட்டையானால் அடைக்க முடியாது. காயில் மாற்றலாம், தெர்மோஸ்டாட் மாற்றலாம், சூடு அளவு மீறினால் கரண்டை வெட்டும் கட்-அவுட் மாற்றலாம். டேங்க் போனால் கீசர் போச்சு.

இவ்வளவு முக்கியமான சாமானை ஏன் யாரும் சொல்வதில்லை? என் தொழில்காரர்களையே குறை சொல்கிறேன். காயிலில் இருந்து உடைத்த உப்பைக் காட்டினால் வீட்டுக்காரர் வாயைப் பிளப்பார், காசு கைக்கு வரும். ராடு உள்ளே ஒளிந்திருக்கும், சில மாடலில் தனி நட்டு, பல மாடலில் காயில் இருக்கும் அதே தட்டில் பொருத்தியிருக்கும். அதைச் சுரண்டித் துடைத்து அப்படியே திரும்ப மாட்டிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வாரன்டி அட்டையையும் ஒருமுறை திருப்பிப் படியுங்கள். டேங்குக்கு ஐந்து வருஷம், ஏழு வருஷம் என்று கொட்டை எழுத்தில் இருக்கும், ராடை மாற்றியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை பொடி எழுத்தில் இருக்கலாம்.

செம்பு டேங்க் என்றால் இந்த ராடு பொதுவாக இருக்காது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்கில் சில மாடலில் உண்டு, சிலதில் இல்லை. வீட்டுக்கு சாஃப்ட்னர் (தண்ணீரின் சுண்ணாம்பை எடுத்துவிடும் கருவி) போட்டிருப்பவர்கள் 'எங்களுக்கு உப்பே இல்லை' என்று நிம்மதியாக இருப்பார்கள். காயிலுக்கு நல்லதுதான். ஆனால் சாஃப்ட்னர் தண்ணீரில் ராடு இன்னும் சீக்கிரம் கரையும், அவர்கள் வருஷா வருஷம் பார்க்க வேண்டும்.

அப்புறம் உங்கள் வால்வு. குளிர்ந்த தண்ணீர் உள்ளே போகும் இடத்தில், நீல வளையம் இருக்கும் பக்கம், விரல் நீளத்தில் ஒரு பித்தளை வால்வு இருக்கும். அது இரண்டு வேலை செய்கிறது. உள்ளே போன தண்ணீர் திரும்பி மாடித் தொட்டிக்கு ஓடாமல் தடுக்கிறது. உள்ளே அழுத்தம் கூடினால், பெரும்பாலும் 8 பார் அளவில், கொஞ்சம் தண்ணீரை வெளியே விடுகிறது. 25 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 60-க்குப் போனால் ஏறக்குறைய 350 மில்லி பெருக்கும். குழாய் மூடியிருக்கிறது, திரும்பிப் போகவும் வழியில்லை. அது எங்கே போகும்? வால்வு வழியாகச் சொட்டும். சூடேறும்போது மட்டும் சொட்டி, விளக்கு அணைந்த கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டால், வால்வு தன் வேலையைச் செய்கிறது. ஒரு மெல்லிய டியூபைச் செருகி தரைச் சல்லடைப் பக்கம் விட்டுவிடுங்கள், முடிந்தது. கீசர் அணைந்திருக்கும்போதும் நாள் முழுக்கச் சொட்டினால்தான் கோளாறு. வால்வுக்குள் உப்புத் துகள் மாட்டியிருக்கும், அல்லது பிரஷர் பம்ப்பின் அழுத்தமோ அடுக்குமாடியின் கீழ்த்தளத்துக்கு வரும் அழுத்தமோ அதிகமாக இருக்கும். முதலாவதற்கு வால்வு மாற்றணும், இரண்டாவதற்கு லைனில் அழுத்தம் குறைக்கும் வால்வு போடணும்.

எக்காரணம் கொண்டும் அந்தத் துளையை அடைக்காதீர்கள். வடவள்ளிப் பக்கம் ஒரு வீட்டில் 'கீசர் வீங்கின மாதிரி இருக்குங்க' என்று கூப்பிட்டார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது, போய்ப் பார்க்கும் வரை. வெளி உறையின் ஒரு பக்கம் இட்லி மாதிரி உப்பியிருந்தது, கீழ் மூடியின் விளிம்பு பிதுங்கியிருந்தது. வால்வைத் தடவிப் பார்த்தேன். சொட்டும் துளையில் எம்சீல் உருட்டி வைத்து, மேலே வெள்ளைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். தரை வழுக்குகிறது என்று யாரோ செய்த உபகாரம். தெர்மோஸ்டாட்டும் அணையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. கட்-அவுட் மட்டும் வேலை செய்திருக்கிறது, அந்த ஒன்றுதான் அந்த வீட்டைக் காப்பாற்றியது. மெயினை அணைத்துவிட்டு, வேர்த்துப்போய் வெளியே வந்து உட்கார்ந்தேன். அவர்கள் காபி கொடுத்தார்கள், குடிக்க முடியவில்லை.

மின்சாரப் பக்கம் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் உயிர் சம்பந்தப்பட்டது. 2000 வாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும், எனவே 16 ஆம்பியர் பெரிய பிளக் கட்டாயம். மாதம் ஒருமுறை, கீசர் ஓடி அணைந்த பிறகு, சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்கிப் பின்னைப் பாருங்கள். பின் கறுத்திருந்தாலோ சாக்கெட் துளை ஓரம் பழுப்பாக இருந்தாலோ உள்ளே பிடிப்பு லூஸ், சாக்கெட்டை மாற்றுங்கள். எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை சோதித்துவிடுங்கள். மூன்றாவது பின் இருப்பதாலேயே எர்த் இருப்பதாக அர்த்தமில்லை, பழைய வீடுகளில் அந்தக் கம்பி சுவருக்குள் எங்கும் போய்ச் சேராமல் நிற்கும். பலகையில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச், இருந்தால் அதில் 'டி' என்று ஒரு பொத்தான் இருக்கும், மாதம் ஒருமுறை அழுத்துங்கள், பட்டென்று விழ வேண்டும். எர்த்தும் ஆர்சிசிபியும் உறுதியாகத் தெரியாத வீட்டில், 'அணைத்துவிட்டுக் குளி' என்ற பாட்டி காலத்து விதியைக் கடைப்பிடியுங்கள். அதிலும் இரண்டு கம்பியையும் வெட்டும் டபுள் போல் சுவிட்ச் நல்லது. சாதா சுவிட்சை யாராவது கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியில் மாட்டியிருந்தால், அணைத்த பிறகும் காயிலில் ஃபேஸ், அதாவது ஷாக் அடிக்கும் கரண்ட், நிற்கும்.

இப்போது நீங்களே செய்யக்கூடியது. டேங்கை அலசுவது கஷ்டமில்லை. பலகையில் கீசர் லைனையே அணைக்கும் எம்சிபியை இறக்குங்கள், சுவர் சுவிட்சை மட்டும் நம்பாதீர்கள். சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து பச்சைத் தண்ணீர் வரும் வரை ஓடவிடுங்கள். கீசருக்குப் போகும் ஆங்கிள் வால்வை மூடுங்கள். சிவப்புப் பக்க ஹோஸைக் கழற்றுங்கள், காற்று அந்த வழியாகத்தான் உள்ளே போகும். காற்று போகாவிட்டால் தண்ணீர் வராது, பாதிப் பேர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பிறகு கீழே வாளி வைத்து நீலப் பக்கம் பித்தளை வால்வோடு சேர்த்துக் கழற்றுங்கள். 25 லிட்டர் ஒரு வாளியில் அடங்காது, இரண்டாவது வாளியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தெளிவாக வரும், கடைசி ஒரு லிட்டரில்தான் வெள்ளைத் துகள் வரும். வால்வைத் திரும்ப மாட்டிக் கொஞ்சம் நிரப்பி, மறுபடி இறக்குங்கள். தெளியும் வரை மூன்று நான்கு தடவை.

திரும்ப மாட்டும்போது பழைய டெஃப்லான் டேப்பைச் சுரண்டிவிட்டுப் புதிது சுற்றுங்கள். முதலில் தண்ணீர், பிறகுதான் கரண்ட். சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்து, புஸ்புஸ் என்ற காற்று நின்று நூல் பிடித்தாற்போல் தண்ணீர் வரும் வரை எம்சிபி பக்கமே போகாதீர்கள். காலி டேங்கில் சுவிட்ச் போட்டால் காயில் சில நிமிஷத்தில் எரிந்துவிடும்.

நான்கு வருஷமாகத் திறக்காத உங்கள் கீசருக்கு இந்த அலசல் போதாது. காயில் தட்டைக் கழற்றி உப்பை எடுக்கணும், ராடைப் பார்க்கணும். வயர் கழற்றும் வேலை இருப்பதால் பழக்கமில்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம், பக்கத்தில் நின்று பாருங்கள். காயிலைச் சுத்தியலால் தட்டினால் தடுங்கள், உறையில் மயிரிழை விரிசல் விட்டாலும் பிறகு கரண்ட் கசியும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை டேங்குக்குள் ஊற்ற வந்தால் வெளியே அனுப்பிவிடுங்கள், அது உப்போடு சேர்த்து உலோகத்தையும் தின்னும். சிட்ரிக் ஆசிட், அதாவது மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, சுடுதண்ணீரில் கரைத்து, கழற்றிய காயிலை ஒரு வாளியில் ஊறவைத்தால் நுரைத்துக்கொண்டு தானாக உதிரும். மின்முனைகள் மட்டும் நனையக் கூடாது. தட்டுக்கு அடியில் இருக்கும் ரப்பர் கேஸ்கெட்டைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள், பழையதை இறுக்கி ஒப்பேற்றினால் ஒரு மாதத்தில் ஒழுகும். காயிலையே மாற்ற வேண்டியிருந்தால், போர் தண்ணீருக்கு செம்பு உறையைவிட இன்கோலாய் (நிக்கல் கலந்த உலோகம்) உறை தாக்குப்பிடிக்கும்.

சூட்டை எவ்வளவில் வைப்பது? அதிகச் சூடு, அதிக உப்பு. அதனால் சிலர் 40, 45-இல் வைப்பார்கள். அது சரியில்லை. லெஜியோனெல்லா என்ற கிருமி 20-லிருந்து 45 டிகிரி வரையிலான தேங்கிய தண்ணீரில் நன்றாக வளரும், 60-இல் பிழைக்காது. 60-இல் வைத்து, பச்சைத் தண்ணீர் கலந்து குளியுங்கள். ஆனால் 60 டிகிரித் தண்ணீர் சில விநாடிகளிலேயே தோலைச் சுடும், குழந்தைகள் இருந்தால் முதலில் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறக்கப் பழக்குங்கள். வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்து பூட்டிய வீட்டைத் திறந்ததும் சுடுதண்ணீரில் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் பயப்பட வேண்டாம். தேங்கிய தண்ணீரில் பாக்டீரியா மெக்னீசியத்தோடு சேர்ந்து செய்யும் வேலை. முழுச் சூட்டில் ஒரு மணி நேரம் வைத்து, இறக்கி, அலசுங்கள்.

சமையலறையில் மாட்டும் 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசருக்கு இவ்வளவு கதை கிடையாது. பெரும்பாலும் ராடு இருக்காது, உப்பு சீக்கிரம் அடைக்கும், வருஷம் ஒருமுறை காயில் பார்த்தால் போதும். கேஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்கு ஒரே வரி: பூட்டிய குளியலறைக்குள் அதை வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, மயக்கம் வருவது தெரியாமலே ஆள் விழுந்துவிடுவார்.

இடைவெளி என்று கேட்டால், போர் தண்ணீருக்கு ஆறு மாதத்துக்கு ஓர் அலசல், வருஷத்துக்கு ஒருமுறை காயிலும் ராடும். ஆற்றுத் தண்ணீருக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திறந்தால் போதும். புரட்டாசியில் செய்துவிடுங்கள். மார்கழியில் கூப்பிட்டால் எங்களில் யாரும் சொன்ன நேரத்துக்கு வர மாட்டோம்.

ஒப்பந்தக்காரர் அடுத்த முறை போன் செய்தால் மூன்று கேள்வி கேளுங்கள். காயில் தட்டைக் கழற்றுவீர்களா? புது கேஸ்கெட் இதில் அடக்கமா? ராடைக் கழற்றிக் கையில் கொடுப்பீர்களா, தீர்ந்திருந்தால் மாற்றுவது யார் செலவு? மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் போடுங்கள். 'ஜெனரல் செக்கப் சார்' என்று இழுத்தால் வேண்டாம், தெரிந்த ஆளை வருஷத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுக் காசு கொடுப்பது மலிவு. யார் செய்தாலும், வேலை முடிந்த அன்று இரவு கீசருக்கு நேர் கீழே ஒரு பழைய செய்தித்தாளை விரித்துவிட்டுத் தூங்குங்கள். காலையில், சுவிட்ச் போடுவதற்கு முன்னால், தாள் காய்ந்திருந்தால் கேஸ்கெட் சரியாக உட்கார்ந்திருக்கிறது. நனைந்திருந்தால், அவர் இன்னும் ஊருக்குள்தான் இருப்பார், உடனே கூப்பிடுங்கள்.